பிரேமினி நிறுத்திய மூவாயிரம் பிரதிகள்

ஹட்டன் பேருந்து நிலையத்துக்கு எதிரே மேலேறும் சந்தில், சிப்னாஸின் அச்சகத்துக்கு மேல்மாடியில், ஒரே ஓர் அறையில் இயங்குகிறது புற்றுநோயாளர் துணை மன்றம். வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது. ஆயினும் தோட்டங்களிலிருந்து வருபவர்களில் எவரும் மன்றம் எங்கே என்று கேட்பதில்லை. "தாள் குடுக்கிற பிரேமினி அக்கா இருக்காங்களா?" என்றுதான் அச்சகத்தில் விசாரிப்பார்கள். இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்தி, "இருக்காங்க, மேல போங்க! மூணாவது படி ஆடும், பாத்து!" என்பார் சிப்னாஸ்.

பிரேமினிக்கு நாற்பத்தாறு வயது. தகப்பனார் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டியவர். தாயார் கொழுந்து பறித்தவர். உயர்தரம் முடித்தபின் ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் பதினொரு ஆண்டுகள் தட்டச்சு செய்தார். காணி உறுதிகளையும் சத்தியக் கடதாசிகளையும் அடித்து அடித்து அவர் கண்டுகொண்ட உண்மை ஒன்று உண்டு: ஒரு வாக்கியம் பிழையே இல்லாமல் இருக்கலாம், அதன் கீழே கைநாட்டு வைப்பவருக்கு அது ஒன்றையுமே சொல்லாமலும் இருக்கலாம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், நோயாளர்களுக்கான தகவல்களைத் தமிழில் எழுத மன்றம் ஓர் ஆளைத் தேடியபோது, நேர்முகத்தேர்வில் அவர் இதைத்தான் சொன்னார். வேலை கிடைத்தது.

அன்றிலிருந்து பதின்மூன்று துண்டுப்பிரசுரங்கள் அவர் கையால் உருவாகியிருக்கின்றன. வாய்ப் புற்றுநோயை நேரத்தோடு கண்டறிவது எப்படி, கதிர்ச் சிகிச்சை நாட்களில் என்ன உண்ணலாம், புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா என்பன போன்ற பொருள்கள். ஒவ்வொரு வரிக்கும் மருத்துவ ஆதாரம் எதுவென்று தனிக் கொப்பியில் குறித்து வைத்திருப்பார். வைத்தியர் ஒருவர் படித்துக் கையொப்பமிடாத எதுவும் கீழே அச்சகத்துக்கு இறங்காது. தாளின் பின்புறத்தில், அது வெளிவந்த திகதியும் மறுபடி சரிபார்க்கப்பட வேண்டிய திகதியும் தவறாமல் இருக்கும்.

இவையெல்லாம் பிறரும் செய்யக்கூடியவை. பிரேமினிக்கே உரிய வழக்கம் வேறொன்று. தோட்டத்து மக்களிடம் "விளங்குச்சா?" என்று கேட்டால், விளங்காதவரும் "விளங்குச்சுங்க" என்றே சொல்வார். அது பொய்யன்று, மரியாதை. தோட்டத்துத் துரை கேட்டாலும், டொக்டர் கேட்டாலும், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு கேட்டாலும், தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பழகிய பதில் அது. ஆகவே பிரேமினி அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு தாளையும் ஐந்து பேரிடம் கொடுத்துப் படிக்கச் செய்வார்; படிக்கத் தெரியாதவருக்குத் தாமே வாசித்துக் காட்டுவார். பிறகு, "சரி, நாளைக்குக் காலையில எழும்பி என்ன செய்வீங்க, சொல்லுங்க" என்பார். அவர்கள் சொல்வதைக் கேட்டு, எந்த வரி வேலை செய்கிறது, எந்த வரி சும்மா இருக்கிறது என்று கண்டுகொள்வார். இந்த முறையில் அவருக்குப் பெரும் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை சோதனை வந்தது.

அன்று அச்சேறக் காத்திருந்தது 'சத்திரசிகிச்சைக்குப் பின் உங்கள் கை' என்னும் தாளின் இரண்டாம் பதிப்பு. மார்பகப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்யும்போது அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் அகற்றிவிட்டால், அந்தப் பக்கத்துக் கை பின்னொரு நாளில் வீங்கக்கூடும். மாதங்கள் கழிந்தும் வரலாம். ஆண்டுகள் கழிந்தும் வரலாம். அதைத் தவிர்ப்பதற்கான வழிகளைச் சொல்லும் தாள் அது. முதற்பதிப்பில் ஆயிரத்து ஐந்நூறு பிரதிகள் இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிட்டன. சனிக்கிழமை தலவாக்கலையில், நாற்பது தோட்டங்களில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுகள் ஒன்றுகூட இருந்தார்கள். ஆண்டுக்கு இரண்டு முறைதான் அப்படிக் கூடுவார்கள். அவர்கள் கையில் மூவாயிரம் பிரதிகளைக் கொடுத்துவிட்டால், தாள் மலைமலையாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

"தங்கச்சி, பிளேட்டு ஏத்தியாச்சு. ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா ஓட விட்டுருவேன்" என்று படியேறி வந்து சொன்னார் சிப்னாஸ்.

"இன்னொரு தடவ படிச்சிட்டுத் தாறேன், சிப்னாஸ் நானா."

"இதோட எட்டாவது தடவ. நீங்க படிக்கிற படிப்புக்குப் பரீட்ச எழுதியிருந்தா இந்நேரம் டொக்டராகியிருப்பீங்க."

அவர் இறங்கிப் போன அடுத்த நிமிடமே படியில் வேறொரு காலடி கேட்டது. வந்தவர் பேச்சியம்மா. டிக்கோயாவுக்கு அப்பால், மஞ்சள்கல் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், ஐம்பத்தோரு வயது. பதினான்கு மாதங்களுக்கு முன் கண்டியில் வலப்பக்க மார்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். நான்கு மாதங்களாக மறுபடியும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இடக்கையில் பொலித்தீன் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த தாள். அது பிரேமினி எழுதிய முதற்பதிப்பு. மடிப்புகள் நைந்துபோய், பின்புறம் டேப் ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, எனக்கு ஒங்க மேல கோவமில்ல" என்று தொடங்கினார் பேச்சியம்மா. "நீங்க எழுதுனத ஒண்ணுவிடாம செஞ்சேன். இந்தக் கை மட்டும் சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குது."

சட்டைக் கையை மேலே சுருட்டினார். வலக்கை முழங்கைக்குக் கீழே இடக்கையைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு தடித்திருந்தது. பிரேமினி எழுந்து தொட்டுப் பார்த்தார்.

"கை சுடலியே. காய்ச்சல் அடிச்சுச்சாக்கா? எங்கயாவது செவந்திருக்கா?"

"இல்ல. கனமா இருக்கு. ஈரச் சாக்கத் தூக்கித் தோள்ல தொங்கவிட்ட மாதிரி."

பிரேமினி உடனே ஆயிஷாவுக்குத் தொலைபேசி எடுத்தார். ஆயிஷா, டிக்கோயா வைத்தியசாலையில் பணியாற்றும் இயன்மருத்துவர். இரண்டு மணிக்கு வரச் சொன்னார். அதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பிரேமினி தேநீர் வாங்கிவரச் செய்து, தாளை மேசைமேல் விரித்தார்.

"'கையில் பாரம் தூக்க வேண்டாம்.' இத எப்புடிச் செஞ்சீங்கக்கா?"

"தண்ணிக் குடம் மகதான் தூக்குறா. வெறகக் கண்ணால பாக்குறதோட சரி. சோத்துப் பானைய எறக்கக்கூட ஆளு கூப்புடுறேன். அடுத்த வீட்டுக் காம்பராக்காரி, 'பேச்சியம்மா ராணியாகிட்டா'ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா."

"கொழுந்துச் சாக்கு?"

பேச்சியம்மா விந்தையாகப் பார்த்தார். "அது தலையிலயில்ல தொங்குது? கையில யாரு கொழுந்து தூக்குறா?"

பிரேமினியின் விரல் அந்த வரியிலேயே நின்றது. நெற்றிக்கு மேலே கயிறு, முதுகில் சாக்கு, அதற்குள் கிலோக் கணக்கில் ஈரக் கொழுந்து. கையில் பாரம் இல்லைதான். தாள் சொன்னதைப் பேச்சியம்மா அப்படியே செய்திருந்தார்.

"'பூனை, நாய் ஆகியவற்றின் நகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.'"

"பூனையக் கீழ்லயத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன். இப்ப எலி எங்க வீட்டுல கல்யாணம் நடத்துது."

"'ரோஜாச் செடி கத்தரிக்கும்போது கையுறை அணியுங்கள்.'"

"ரோஜாச் செடியே இல்லியே தங்கச்சி. அதுனால அந்தக் கொறையும் நம்மகிட்ட இல்ல."

பிரேமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சியம்மாவும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் பிரேமினியின் முகம் மாறிப்போயிற்று. பூனையும் ரோஜாவும் இருந்த அந்தத் தாளில் அட்டைப்பூச்சி இல்லை. தேயிலைக் கவ்வாத்துக் குச்சி இல்லை. கொழுந்துச் சாக்கு என்ற சொல்லே இல்லை. கொழும்பிலிருந்து வந்த மூலத்தை ஒரு பிழையும் இல்லாமல் தமிழாக்கி, ஐந்து பேரிடம் படிக்கக் கொடுத்து, திருப்தியோடு அச்சேற்றியிருந்தார். அந்த ஐவரும் யார்? வேலைநாளொன்றில் கிளினிக்கின் வாங்குப் பலகையில் காத்திருந்த பெண்கள். ஒருவர் தையற்காரி, ஒருவர் ஆசிரியை, மற்றவர்கள் இன்னும் வேலைக்குத் திரும்பாதவர்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் மலையேறிவிட்ட ஒருத்தி வேலைநாளில் கிளினிக் வாங்கில் எப்படி இருப்பாள்? தாயார் பறித்த கொழுந்தில் வளர்ந்தவளுக்கு இது தோன்றாமற் போனதே என்று பிரேமினிக்குத் தம்மீதே கோபம் வந்தது. இரண்டாம் பதிப்பிலும் அதே வரிகள்தாம். எழுத்தைப் பெரிதாக்கி, படம் ஒன்றைச் சேர்த்திருந்தார், அவ்வளவே.

கீழே இறங்கினார். "நானா, பிளேட்டக் கழட்டுங்க."

"கமா தப்பாயிருச்சா?"

"இல்ல. இத நம்பி நடந்தவங்களுக்குக் கை வீங்கிருச்சு."

சிப்னாஸ் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "வெள்ளிக்கெழம காலையில புதுசாக் குடுத்தீங்கன்னா அன்னக்கி அந்திக்குள்ள ஓட்டித் தாறன். அதுக்கு மேல போனா என்னால ஏலாது தங்கச்சி. அடுத்த கூட்டம் எப்ப?"

"ஆறு மாசம் கழிச்சு."

மூன்று நாட்கள் இருந்தன. பிழையான தாளைக் கொடுத்தால் நாற்பது தோட்டங்களில் பேச்சியம்மாக்கள் உருவாவார்கள். ஒன்றையுமே கொடுக்காவிட்டால், அந்த ஆறு மாதத்தில் கண்டியிலிருந்து தையலோடு திரும்பும் பெண்கள் எதுவும் தெரியாமல் மலையேறுவார்கள். இரண்டும் ஆகாது. வெள்ளிக்கிழமைக்குள் சரியான தாள் வேண்டும்.

மன்றத்தின் தாள்களைச் சரிபார்த்துக் கையொப்பமிடுபவர் டொக்டர் ஜெயகாந்தன். பிரேமினி தொலைபேசியில் விடயத்தைச் சொன்னதும் அவர் தயங்காமல் தீர்வு சொன்னார்.

"ஒரே வரிதானே? 'சத்திரசிகிச்சைக்குப் பின் கொழுந்து பறிக்கக் கூடாது'ன்னு சேருங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

தொலைபேசியை வைத்துவிட்டு, அந்த வரியைப் பேச்சியம்மாவுக்குப் படித்துக் காட்டினார் பிரேமினி.

"இதப் போட்டீங்கன்னா மத்த வரிய ஒருத்தியும் படிக்கமாட்டா" என்றார் பேச்சியம்மா. "மடிச்சு அடுப்புல வெச்சிட்டு மலைக்குப் போயிருவா. நானும் போவேன். எனக்கு வேற என்னா வேல தெரியும்? பதினெட்டு வயசுல புடிச்ச மலைய இனி விடவா முடியும்?"

டிக்கோயாவில் ஆயிஷா அளவுநாடாவால் இரண்டு கைகளையும் ஐந்து இடங்களில் அளந்து எழுதினார். கிருமித் தொற்று இல்லை, வீக்கம் தொடக்கநிலையில்தான் இருக்கிறது, நேரத்துக்கு வந்தது நல்லது என்றார். கட்டுப் போடும் முறையையும் பயிற்சிகளையும் காட்டினார். இரண்டு வாரங்களுக்கு மலைக்குப் போக வேண்டாம் என்று சீட்டும் எழுதித் தந்தார். பிறகு, டொக்டர் சொன்ன வரியைக் கேட்டுத் தலையசைத்தார்.

"அது சரியில்ல, பிரேமினி. கைய ஒரேயடியா அசைக்காம வெச்சிருந்தாலும் கெடுதல்தான். மெதுவா தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கிட்டே போனா வேல செய்யலாம். ஆனா எவ்வளவு, எப்புடின்னு கேட்டீங்கன்னா…" சற்றே வெட்கத்தோடு நிறுத்தினார். "நான் ஹட்டன் டவுன்ல பொறந்து வளந்தவ. கொழுந்து பறிக்கிறத பஸ் ஜன்னலால பாத்திருக்கேன். அவ்வளவுதான்."

"நாளைக்குக் காலையில பக்கத்துல நின்னு பாப்போம்" என்றார் பிரேமினி.

புதன்கிழமை ஆயிஷாவுக்கு ஓய்வுநாள். இருவரும் முதல் பஸ்ஸில் மஞ்சள்கல் தோட்டத்துக்குப் போய், வரிசை வீடுகளில் பேச்சியம்மாவின் காம்பரா வாசலில் நின்றார்கள். பிரேமினி வழக்கம்போல, "வேலைக்குப் போற நாள்ல காலையில என்ன செய்வீங்கக்கா?" என்று கேட்டார். முகம் கழுவுவேன், தேத்தண்ணி குடிப்பேன், நீளக்கைச் சட்டை போடுவேன், படங்கு கட்டுவேன் என்று பேச்சியம்மா ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. பிரேமினி அதைக் கொப்பியில் எழுதப்போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு பேனாவை மூடினார்.

"சொல்ல வேணாங்க்கா. மலைக்குப் போற மாதிரியே எனக்கு முன்னால உடுத்திக் காட்டுங்க."

பேச்சியம்மா சட்டையை மாட்டினார். இடுப்பில் முரட்டுத் துணிப் படங்கைச் சுற்றினார். பிறகு, சுவரில் ஆணியில் தொங்கிய இரண்டு கறுப்புப் பட்டைகளை எடுத்தார். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டியவை. ஒன்றை வலது மணிக்கட்டிலும் மற்றொன்றை முழங்கைக்கு மேலும் இழுத்துச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார்.

"இது என்னாங்க்கா?" ஆயிஷாவின் குரல் உயர்ந்துவிட்டது.

"நீங்கதானே போட்டிருக்கீங்க, 'பூச்சி கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்'னு? அட்ட சட்டைக்குள்ள ஏறாம இருக்கத்தான். இறுக்கிக் கட்டலன்னா அது நொழஞ்சிரும்." அதையும் மீறி ஓர் அட்டை கடித்தால் வெற்றிலைப் பையிலிருக்கும் சுண்ணாம்பை வைத்துவிடுவதாகவும் சொன்னார்.

ஆயிஷா அந்தப் பட்டையை அவிழ்த்தார். தோலில் ஓர் அங்குல அகலத்துக்குப் பள்ளம் பதிந்திருந்தது. வளையலையும் கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொன்ன தாளை நம்பி வளையலைக் கழற்றியவர், அதே தாளை நம்பி, அதைவிடப் பத்து மடங்கு இறுக்கமான ஒன்றை நாள் முழுவதும் கட்டியிருந்தார். கொழுந்துச் சாக்கைப் பற்றி ஒரு வரியைத் திருத்திவிட்டு அச்சுக்குப் போயிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. கேட்டபோது பேச்சியம்மா சொல்லவில்லை; மறைத்ததனால் அன்று. சட்டைப் பொத்தானைப் பூட்டுவதைப் போல அதுவும் உடுத்துவதில் ஒரு பகுதி. அதை யார் எடுத்துச் சொல்வார்கள்?

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, பேச்சியம்மா இருவரையும் அழைத்துப்போன மலையில் காத்திருந்தது. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஜெயந்தினி என்ற பெண்ணும் எட்டு மாதங்களுக்கு முன் அதே சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். வயது முப்பத்தெட்டு. அவர் கையிலும் இரண்டு கறுப்புப் பட்டைகள்.

"யாரு கட்டச் சொன்னது?" என்று கேட்டார் பிரேமினி.

"பேச்சியக்காதாங்க. தாளப் படிச்சவங்க அவங்கதானே?"

பேச்சியம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "அடிப்பாவி, நானா ஒன்னக் கெடுத்தேன்!"

"நீங்க இல்லக்கா, நான்" என்றார் பிரேமினி. "கழட்டுங்க ஜெயந்தினி. இப்பவே." நல்லவேளையாக அந்தக் கை வீங்கியிருக்கவில்லை.

ஆயிஷா ஒரு வெற்றுச் சாக்கை வாங்கித் தம் தலையில் மாட்டிக்கொண்டு தேயிலை நிரைக்குள் இறங்கினார். பெண்களுக்கு அன்று அதைவிடப் பெரிய கூத்து வேண்டியிருக்கவில்லை.

"மிஸ், தேயில கடிக்காது, கிட்டப் போங்க!"

"முத்தின எலையப் புடுங்குறாங்க பாரு! கண்டாக்கையா, இவங்களுக்கு இன்னைக்கிச் சம்பளத்துக்குப் பேரு போடாதீங்க!"

கண்டாக்கு சிவசாமி மேட்டில் நின்று சிரித்தார். ஆயிஷா அசரவில்லை. அரை மணி நேரம் பறித்தார்; பிறகு மற்றவர்கள் பறிப்பதைப் பார்த்தார். ஒவ்வொரு பிடியையும் தோளுக்குப் பின்னால் எறிவதை எண்ணினார். கழுத்து வலித்ததும் கயிற்றைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வதைக் கவனித்தார். ஜெயந்தினி போட்டுக்கொண்டது சத்திரசிகிச்சை செய்த பக்கத்துத் தோளில். நிறைந்த சாக்கை இறக்கும்போது அதே கைதான் முதலில் பாரத்தைத் தாங்கிற்று.

பகல் நிறுவைக்குப் பின், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் வாங்கில் மூவரும் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்கள். பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒரு வரி எழுதியதும் பிரேமினி படிப்பார். அங்கே நிற்கும் ஒருத்தி அதைச் செய்துகாட்ட வேண்டும். வாயால் சொல்ல அனுமதியில்லை. 'சட்டைக் கை தளர்வாக இருக்கட்டும்' என்ற வரிக்கு ஒவ்வொருத்தி ஒவ்வொரு விதமாகக் கட்டினாள். ஆயிஷா, இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும் என்று சொல்ல, அதையே எழுதினார்கள். எல்லோரும் ஒரே விதமாகக் கட்டினார்கள். அப்படியே ஒன்பது வரிகள் உருவாயின. அவற்றுள் சில:

"கையை எதனாலும் இறுக்கிக் கட்டாதீர்கள். கட்டினால் இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். அட்டை கடித்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். சாக்குக் கயிற்றைச் சத்திரசிகிச்சை செய்த பக்கத்துத் தோளில் போடாதீர்கள். வேலைக்குத் திரும்பும் நாளைக் கிளினிக்கில் கேட்டு முடிவு செய்யுங்கள். முதலில் அரைச் சாக்கு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்."

"அரச் சாக்கோட நிறுக்கப் போனா கண்டாக்கையா என்னா சொல்வாரு?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

எல்லோரும் சிவசாமியைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "என்னையப் பாத்தா? வாயால ஆயிரம் பேரு சொல்வாங்க. தொர கேட்டா நான் என்னத்தக் காட்டுறது?"

"அப்ப ஒங்களுக்கும் ஒரு வரி எழுதிருவோம், ஐயா" என்றார் பிரேமினி. தாளின் அடியில் கோடு கிழித்து, 'மேற்பார்வையாளருக்கு' என்று தலைப்பிட்டு எழுதினார்: "அரைச் சாக்கு நிறைந்ததும் இவரை நிறுக்க அனுமதியுங்கள். இது வைத்திய ஆலோசனை."

"டொக்டர் ஒப்பம் இருந்தா எனக்கு ஒரு கரச்சலும் இல்ல" என்றார் சிவசாமி. "தராச நானே கொண்டாறேன்."

வியாழக்கிழமை டொக்டர் ஜெயகாந்தனின் அறைக்கு வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். "எனக்கு நாலு நிமிசம்தான் இருக்கு, பிரேமினி. நான் சொன்ன வரியச் சேர்த்தாச்சா?"

"சேர்க்கல, டொக்டர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிரேமினி தாளைப் படித்துக் காட்டினார், ஆயிஷாவின் அளவுகளையும் ஆதாரக் கொப்பியையும் அவர் முன் வைத்தார். பிறகு பையிலிருந்து அந்தக் கறுப்புப் பட்டையை எடுத்து மேசையில் போட்டார்.

"இது என்ன?"

"போன தடவ நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டு அனுப்புன தாளு, டொக்டர். மஞ்சள்கல் தோட்டத்துல அது இப்பிடித்தான் போய்ச் சேர்ந்திருக்கு."

டொக்டர் அதை இழுத்துப் பார்த்தார். தம் மணிக்கட்டில் ஒரு முறை சுற்றிப் பார்த்து, உடனே கழற்றினார். நான்கு நிமிடம் பதினைந்து நிமிடமாயிற்று. ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்டுக் கேட்டு வந்தவர், ஓரிடத்தில் பேனாவை ஊன்றினார். "கை சிவந்து சூடானா, காய்ச்சல் வந்தா, 'விரைவில்' வைத்தியசாலைக்குப் போகணும்னு எழுதியிருக்கீங்க. அது போதாது. 'அன்றே' என்று மாத்துங்க. அதுல தாமதம் கூடாது." மாற்றிக் கையொப்பமிட்டார். நல்ல திருத்தம் என்று பிரேமினி வெளிப்படையாகவே சொன்னார்.

வெள்ளிக்கிழமை அந்தியில் கடைசிக் கட்டைக் கட்டிவிட்டு, சிப்னாஸ் ஒரு பிரதியை எடுத்து நின்றபடியே முழுவதும் படித்தார். "இருவது வருசமா அடிக்கிறன், தங்கச்சி. நான் படிச்சு முடிச்ச மொதத் தாள் இதுதான்."

தலவாக்கலையில் மூவாயிரம் பிரதிகளும் கைமாறின. மருத்துவமாதுகளை எழுந்து நிற்கச் செய்து, ஒருவர் கையில் ஒருவர் துணியைக் கட்டி, இரண்டு விரலை நுழைத்துப் பார்க்கச் செய்தார் பிரேமினி. பேச்சியம்மா முன்னால் நின்று, தம் பட்டையின் கதையைத் தாமே சொன்னார். அரங்கம் முதலில் சிரித்தது, பிறகு குறிப்பெடுக்கத் தொடங்கிற்று. பழைய தாள் எங்கே கண்டாலும் எடுத்து மன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அதில் என்ன பிழை, யாருடைய பிழை என்பதையும் பிரேமினி ஒளிக்காமல் கூறினார். அடுத்த வாரங்களில் அவை தபாலிலும் பஸ் நடத்துநர்கள் கையிலும் வரத் தொடங்கின. சில வீடுகளில் சுவரில் ஒட்டியிருந்ததால், அங்குள்ள மருத்துவமாதுகள் பழையதன் மேலேயே புதியதை ஒட்டிவிட்டதாகச் செய்தி அனுப்பினார்கள்.

ஏழாவது வாரம் ஆயிஷாவின் அளவுநாடா, பேச்சியம்மாவின் முழங்கைக்குக் கீழே மூன்று சென்டிமீற்றர் குறைந்திருப்பதைக் காட்டியது. வீக்கம் முற்றாக வற்றவில்லை. கட்டும் பயிற்சியும் தொடர வேண்டும் என்றார். அரைச் சாக்கோடு மலைக்குப் போகலாம் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை பேச்சியம்மா நிரையில் நின்றார். சட்டைக் கை தளர்வாக, கயிறு தலையில், மலைச்சரிவில் மெல்லிய மழை. பத்து மணிக்குள் சாக்கு பாதி நிறைந்தது. முதுகை நிமிர்த்தி, மேட்டைப் பார்த்து, மலை முழுவதும் கேட்கும்படி குரல் கொடுத்தார்:

"கண்டாக்கையா! தராசு!"

தேயிலைச் செடிகளுக்கு இடையே, தராசைத் தோளில் சுமந்துகொண்டு சிவசாமி இறங்கி வந்தார்.